பேசும் சலவை இயந்திரத்தின் பங்குதாரர்

கண்ணாடிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குளியலறையில் வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தன் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். இனி உழைத்துப் பிழைப்பதில்லை. பங்குதாரர் ஆகிவிடுவது.

ஆண்களுக்கு ஞானம் பிறக்கிற இடம் பெரும்பாலும் குளியலறைதான். அதைக் கழுவிவிடுகிற வேலைதான் மற்றவர்களுக்கு.

கடைத்தெருவில், ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும் என்கிற அளவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணும் பரிசோதிப்பார். நாற்பது தாண்டிய யாராவது கடை வாசலில் நின்று பெயர்ப்பலகையை உற்றுப் பார்த்தால் போதும், உள்ளே இழுத்து உட்கார வைத்து, "படிக்கிற கண்ணாடி போடாம இருக்கிறது கண்ணுக்குப் பண்ற துரோகம்" என்று ஆரம்பித்துவிடுவார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அவர் மூக்கில் கண்ணாடி கிடையாது. அவருடைய படிக்கிற கண்ணாடி சலவை இயந்திரத்துக்குள் இருந்தது.

அந்த இயந்திரத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் இந்தக் கதை இல்லை.

அது பேசும். பத்து மாதம் முன்பு, மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "உனக்கு முட்டி வலின்னுதான் வாங்கினேன்" என்று சொல்லி நாற்பத்தாறு படி ஏற்றிக் கொண்டுவந்தார். தேன் குரலில் ஒரு பெண் உள்ளேயிருந்து வணக்கம் சொன்னாள், தண்ணீர் நிரம்புகிறது என்றாள், உங்கள் துணி தயார் என்றாள். வீட்டில் இத்தனை மரியாதையாக அவரிடம் யாரும் பேசியதில்லை, மனிதர் சொக்கிப்போனார். ஆறு மாதம் ஓடியது. ஒருநாள், அவருடைய பழுப்பு நிற பேன்ட்டையும் இரண்டு தலையணை உறைகளையும் விழுங்கிக்கொண்டு கதவைப் பூட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவள் சொல்வது ஒன்றே ஒன்று: "சற்றே பொறுத்திருங்கள்."

பழுப்பு பேன்ட்டின் பையில்தான் கண்ணாடி இருந்தது.

மனைவி உடனே கதவைத் திறந்து பார்க்கலாம் என்று கிட்டே போனாள். அவர் பதறிப்போய்த் தடுத்தார். மூன்று வருட வாரண்டி இருக்கிறது, நாம் கை வைத்தால் போய்விடும், கம்பெனி ஆள்தான் தொட வேண்டும். சரி, தொடவில்லை என்றாள் அவள். ஆனால் ஒரு சட்டம் போட்டாள். வாங்கியவர் நீங்கள், கம்பெனி ஆள் வந்து திறக்கிறவரை வீட்டுத் துணியைத் துவைப்பதும் நீங்கள். கம்பெனி ஆள் நாலு மாதமாக நாளைக்கு வந்துகொண்டிருந்தான். வேறு கண்ணாடி ஒன்று செய்துகொள்ளலாம்தான், கடையே அவருடையதுதான். நாளைக்கே கதவு திறந்துவிடப் போகிறபோது எதற்கு ஒரு லென்ஸை வீணாக்குவது என்று அவர் நினைத்தார். கஞ்சத்தனத்துக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

இப்போது அந்தக் கம்பெனிதான் பங்குச்சந்தைக்கு வருகிறது என்றார்கள்.

தெருவே பைத்தியம் பிடித்து அலைந்தது. வங்கிக் காவலாளி பேசினார், பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு அதைப் பற்றியே பேசினார். கண்ணாடிக் கடைக்கு அடுத்து ஒரு ரீசார்ஜ் கடை. அந்த ரீசார்ஜ்காரர் போனில் ஒரு குழு ஆரம்பித்து, முந்நூறு பேரைச் சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு ராக்கெட் படம் அனுப்பினார். பங்கு நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், முதல்நாளே இருநூறு தாண்டும், இதை விட்டால் ஜென்மத்துக்கும் வராது. கேட்பவர்கள் அதிகம், பங்கு கொஞ்சம். அதனால் குலுக்கிப் போட்டுத்தான் தருவார்கள். ஒரு பெயருக்கு ஒரு விண்ணப்பம்தான்.

ஒரு பெயருக்கு ஒன்று என்றதும்தான் கண்ணாடிக்காரருக்குத் தனக்கு மனைவி இருப்பது நினைவுக்கு வந்தது.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள போன பேன்ட்டே நாலு மாசமா வெளிய வரல. நீங்க போடற பணம் வந்துடுமா?"

"நாலு மாசமா ஆள் வரலைன்னா என்ன அர்த்தம்னு யோசிச்சியா? அவ்வளவு பேர் வாங்கியிருக்காங்க. எல்லா வீட்டுக்கும் போயிட்டுத்தானே நம்ம வீட்டுக்கு வரணும். இதுக்குப் பேர்தான் வளர்ச்சி."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை இல்லை. தராசில் ஏற்றுவதற்கு முன்னால் பார்க்கிற பார்வை. பிறகு, போடலாம் என்றாள். அவளுடைய சேமிப்பிலிருந்தே போடலாம். நிபந்தனை ஒன்றுதான்.

"என் பேர்ல விழுந்தா அது என்னுது. எப்ப விக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். அப்புறம் வந்து நிக்கக்கூடாது."

"உனக்கு விக்கத் தெரியுமா?"

"அதுல ஒரு பொத்தான்தான் இருக்கு. இஸ்திரிப் பெட்டியிலகூட மூணு இருக்கு."

இவ்வளவு சுலபமாக அவள் சம்மதித்ததே தப்பு என்று இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. கிட்டத்தில் இருப்பது தெரியாததுதானே அவருடைய கோளாறு.

அந்த வீட்டில் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் இருந்தது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அவள் கடைக்குப் போய்விட்டு வந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் பையைக் கீழே வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முட்டி தேய்ந்துவிட்டது, படி ஏறாதீர்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு நாற்பத்தாறு படி ஏறித்தான் வீட்டுக்கு வந்தாள். அதே கட்டடத்தில் தரைத்தளம் காலியானபோது, முதல் மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லி வைத்தார்கள். மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் வீடு உங்களுக்கு என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். ஒரு வருடமாகச் சேர்த்த அட்வான்ஸ் பணம் கண்ணாடிக்காரரின் கணக்கில் பத்திரமாக இருந்தது. பூனையிடம் பாலைக் கொடுத்துப் பத்திரம் என்று சொல்வதில்லையா, அந்தப் பத்திரம்.

குலுக்கல் முடிவு வந்த அன்று கடைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்தார். அவர் பெயருக்கு ஒன்றும் விழவில்லை. அதை அவர் எதிர்பார்க்கவில்லை என்றாலும், மனைவியின் விண்ணப்ப எண் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தார். அவள் போனைப் பார்த்து ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் அந்த எண்ணை எழுதி வைத்திருந்தார். கையை முழு நீளத்துக்கு நீட்டி, சீட்டை வாசல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு இலக்கமாகத் தட்டினார்.

ஒதுக்கீடு இல்லை.

மனைவி பக்கத்து அறையிலிருந்து, நன்றாகப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன் என்றார். கடையிலிருந்து ஒரு கண்ணாடி எடுத்து வந்து போட்டுக்கொண்டு பாருங்களேன் என்றாள். வேண்டாம் என்றார். மூன்றுக்கும் எட்டுக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை, போன மாதம் கரண்ட் பில்லில்கூட இப்படித்தான் என்று அவள் மறுபடி ஆரம்பித்ததும் அவருக்குச் சுருக்கென்றது.

"ஊருக்கே கண் பாக்கறவன் நான். எனக்கே எண் சொல்லித் தர்றியா?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மூன்று தடவை சொல்வது மனைவியின் கடமை. நாலாவது தடவை சொல்வது முட்டாள்தனம்.

பிறகு அந்த நாள் வந்தது. பங்கு சந்தையில் ஏறுகிற நாள். காலை பத்து மணிக்குக் கண்ணாடிக் கடையின் ஒரே நாற்காலியில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் ஒருவர், பரிசோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை. கண்ணாடிக்காரர் ஒரு கையால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டார், இன்னொரு கையில் போன். போனில் எண்கள் ஓடின. அவருக்கு அவை எறும்புக் கூட்டம்போலத் தெரிந்தன. பக்கத்துக் கடையிலிருந்து ரீசார்ஜ்காரர், ஏறுது அண்ணே, இன்னிக்கு வாங்காதவன் நாளைக்கு அழுவான் என்று சுவரைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. போனை ஓட்டுநரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பலகைய விடுங்க. இது என்னன்னு படிங்க."

"இருநூத்திரெண்டு."

ஒரு லென்ஸை மாற்றினார். "இப்ப?"

"இருநூத்தி ஒம்போது. நல்லாத் தெரியுது சார்."

"இப்ப?"

"இருநூத்திப் பதினாலு. இந்தக் கண்ணாடியே போட்டுக் குடுத்துடுங்க சார், இதுலதான் எல்லாம் பெருசாத் தெரியுது."

அப்போது மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. வெட்டினார். உடனே மறுபடி வந்தது. எண்ணெய் வாங்கி வரச் சொல்வாள், வேறென்ன என்று நினைத்து மறுபடியும் வெட்டினார். ஒரு மனிதனின் வாழ்க்கை மாறுகிற நேரத்தில் எண்ணெயா? அட்வான்ஸ் பணம் முழுக்கப் போட்டால் நூற்றைம்பது பங்கு சரியாக வரும். சாயங்காலம் முந்நூறு ஆகும், விற்று, அட்வான்ஸைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு, மீதியில் மனைவிக்குத் தங்க வளையல் போட்டு அசத்த வேண்டும். பொத்தானை அழுத்தினார். மணி பத்து இருபது.

"இப்ப படிங்க."

"இருநூத்தி ஆறு."

"சரியாப் பாருங்க."

"நூத்தித் தொண்ணூத்தெட்டு." ஓட்டுநர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "என்ன சார், எனக்குக் கண்ணு மங்குதா? பாக்கப் பாக்கக் குறையுதே."

மதியம் நூற்று எண்பது. சாயங்காலம் நூற்று அறுபது. மறுநாள் நூற்று முப்பது. ரீசார்ஜ்காரர் முதலில் ராக்கெட் படங்களை நிறுத்தினார், பிறகு கைகூப்பிய படங்களை அனுப்பினார், பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்தக் கம்பெனியின் இயந்திரங்கள் பல வீடுகளில் இதேபோலப் பூட்டிக்கொண்டு கிடப்பதாகச் செய்தி வந்தது. கண்ணாடிக்காரருக்கு அது செய்தியே இல்லை. அந்தச் செய்தி அவர் வீட்டுப் பின்கட்டில் நாலு மாதமாக நின்றுகொண்டிருந்தது, பேசியும் காட்டியது. அவர்தான் வளர்ச்சி என்று பெயர் வைத்தார்.

அதற்குப்பின் போனைத் திறக்கவே பயந்தார். பத்து நாள் பார்க்கவில்லை. பத்தாம் நாள், கடையை மூடிக்கொண்டு, கையை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எண்பத்தெட்டு. பத்து நாளில் இவ்வளவுதானா இறங்கியது? அப்படியானால் நிலைத்துவிட்டது. ஏறும். அடுத்த நாளும் எண்பத்தெட்டு. அந்த எண்பத்தெட்டைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சோறு தின்றார்.

ஆனால் வீடு வேறு. சாயங்காலம் மனைவிக்குப் பின்னால் படி ஏறுவதுதான் அவருக்கு நரகமாக இருந்தது. முன்னெல்லாம் அவள் நிற்கிற இடத்தில் அவர் தாண்டிப் போய்விடுவார். இப்போது அவளோடு நின்றார். பதினாறாம் படியில் ஒரு மூச்சு, முப்பதாம் படியில் ஒரு மூச்சு. அவள் முட்டியில் கையை வைத்து அழுத்தும்போதெல்லாம் அவருக்குத் தன் நெஞ்சில் யாரோ அழுத்துவதுபோல இருந்தது. பையை வாங்கிக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் முதல்தடவையாக அவர் பையை வாங்கியதும் அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அட்வான்ஸ் எப்போது கொடுக்கப் போகிறீர்கள் என்று தினமும் கேட்டாள். வங்கியில் விடுமுறை என்றார். நாள் நன்றாக இல்லை என்றார். ஒருநாள் வீட்டுக்கார அம்மா ஊரில் இல்லை என்றே சொல்லிவிட்டார். சொல்லி முடிப்பதற்குள், அந்த அம்மா முதல் மாடி வராந்தாவில் துணி காயப்போட்டபடி இவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். அழுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

மாதத்தின் கடைசி நாள், கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்தார். மனைவி கட்டிலில் உட்கார்ந்து, அவர் துவைத்துக் காயப்போட்டிருந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கதவோரம் நின்றார். உட்காருங்கள் என்றாள். உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். பேருந்து ஓட்டுநர், ரீசார்ஜ்காரர், வளையல், ஒன்றையும் விடவில்லை. முட்டி என்று வந்த இடத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துண்டும் அவர் துவைத்ததுதான்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"எவ்வளவுக்கு வாங்கினீங்க?"

"இருநூத்திப் பதினாலு."

"எத்தனை?"

"நூத்தம்பது."

"மணி என்ன இருக்கும்?"

"பத்து இருபது." இதை எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

அவள் கையிலிருந்த தலையணை உறையை மெதுவாகக் கீழே வைத்தாள். போனை எடுத்து எதையோ தேடி, அவர் முன்னால் நீட்டினாள். பிறகு, அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்து, தானே படித்தாள். விற்றது நூற்றைம்பது. விலை இருநூற்றுப் பதினாலு. நேரம் பத்து இருபது.

"எந்தக் கிறுக்கன்டா இந்த விலைக்கு இத வாங்கறான்னு அன்னிக்கு நாள் முழுக்க யோசிச்சேன்," என்றாள். "அப்ப நீங்கதானா அது?"

கண்ணாடிக்காரர் இப்போது உட்கார்ந்தார். தரையில்.

அவள் பங்கு அவரிடம்தான் வந்து சேர்ந்தது என்பதற்குச் சாட்சி கிடையாது. அந்த நிமிடத்தில் ஆயிரம் பேர் விற்றிருப்பார்கள், ஆயிரம் பேர் வாங்கியிருப்பார்கள். ஆனால் இருபத்தாறு வருடமாக அந்த வீட்டில் அவள் வேண்டாம் என்று தள்ளிவிட்டதெல்லாம், பழைய செருப்பிலிருந்து உடைந்த குடை வரைக்கும், அவரிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இது மட்டும் வேறு எங்கே போகும்?

"உனக்குத்தான் விழலையே," என்றார் ஈனமாக.

"விழுந்துச்சு. கடைசி எண் மூணு. நீங்க எட்டுன்னு தட்டியிருப்பீங்க. மத்தியானமே எனக்கு மெசேஜ் வந்துடுச்சு. சொல்லலாம்னுதான் இருந்தேன், ஊருக்கே கண் பாக்கறவராச்சே, நான் என்ன எண் சொல்லித் தர்றதுன்னு விட்டுட்டேன். விக்கறதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவ கூப்பிட்டேன். வெட்டிட்டீங்க."

"விக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

"தெருவுல இருக்கற அத்தனை பேரும் வாங்கணும் வாங்கணும்னு ஓடறீங்க. விக்கறதுக்கு ஒருத்தியாவது வேணுமில்ல?"

அந்தப் பணத்தை மூன்றாம் நாளே வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்து, தரைத்தளத்து வீட்டுக்குத் தன் பெயரில் வாடகைப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டாளாம். பிறகு எதற்குத் தினமும் அட்வான்ஸ், அட்வான்ஸ் என்று என் உயிரை எடுத்தாய் என்று கேட்டார். நீங்களாகச் சொல்ல எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தேன் என்றாள். இருபத்தேழு நாள். கம்பெனி ஆளைவிடப் பரவாயில்லை.

மறுநாள் சாமான் இறக்கினார்கள். இயந்திரத்தை மட்டும் கூலி ஆட்கள் தொட மறுத்துவிட்டார்கள். ஈரத்துணி ஐந்து மாதம் அடைந்து கிடந்த நாற்றம் அப்படி. பங்குதாரரும், பள்ளிப் பேருந்து ஓட்டுநரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, நாற்பத்தாறு படி இறக்கினார்கள். தான் வாங்கிக்கொண்ட கண்ணாடியில் படியெல்லாம் பெரிதாகத் தெரிகிறது என்று ஓட்டுநர் வழி நெடுகப் புகார் சொன்னார்.

தரைத்தளத்துப் பின்கட்டில் இறக்கி வைத்ததும், மனைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்து, உள்ளே விரலை விட்டு ஒரு நாடாவை இழுத்தாள். டக் என்றது. கதவு திறந்துகொண்டது.

கண்ணாடிக்காரர் குனிந்து அந்த நாடாவைத் தொட்டுப் பார்த்தார். "இது எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"ரெண்டாம் நாளே. கூடக் குடுத்த புஸ்தகத்துல பதினேழாம் பக்கத்துல இருக்கு. திறந்தா சரியா ஓடும்னும் போட்டிருக்கு."

"பின்ன அஞ்சு மாசமா நான் துவைச்சது?"

"நீங்கதானே தொடக்கூடாதுன்னு சொன்னீங்க. வாரண்டி போயிடும்னு."

மூக்கைப் பொத்திக்கொண்டு பழுப்பு பேன்ட்டை வெளியே எடுத்தாள். பையிலிருந்த கண்ணாடியைக் குழாயில் கழுவி, முந்தானையில் துடைத்து, அவர் மூக்கில் தானே மாட்டிவிட்டாள். அந்த விரல்களில் தைல வாசனை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என்னதான் இருந்தாலும் முட்டிக்கு விடிவு வந்துவிட்டது. பணமும் முழுக்கப் போய்விடவில்லை. அதையாவது அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தார்.

"இங்க பாரு, நான் வாங்கினது அப்படியொண்ணும் மோசம் போயிடல. பத்து நாளா எண்பத்தெட்டுலயே நிக்குது. இனிமே ஏறத்தான் செய்யும்."

திரையைப் பார்த்தார். ஐந்து மாதத்தில் முதல்தடவையாக எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

முப்பத்தெட்டு.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பழுப்பு பேன்ட்டின் பையில் பத்திரமாகத் திரும்ப வைத்தார். பேன்ட்டை இயந்திரத்துக்குள் போட்டு, கதவைச் சாத்தி, பிளக்கைச் செருகி, பொத்தானை அழுத்தினார்.

"சற்றே பொறுத்திருங்கள்," என்றாள் உள்ளே இருந்தவள்.